வீரையன் கழுத்துப் படம்

எங்கள் எக்ஸ்ரே அறையில் அசைந்தவர்கள் எல்லாரும் என்னிடம் திட்டு வாங்கியிருக்கிறார்கள். தாசில்தார் வாங்கியிருக்கிறார், கோயில் குருக்கள் வாங்கியிருக்கிறார். என் சொந்த மாமனார், நாகூரில் தெருவில் நடந்தால் நாலு பேர் எழுந்து நின்று சலாம் சொல்லும் மனுஷர், விலா எலும்புப் படத்துக்கு மூச்சைப் பிடிக்கச் சொன்னால் இருமித் தொலைத்ததற்காக என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அதைக் கேட்ட நாளிலிருந்து மூன்று நாள் என் மனைவி கமருன்னிஸா எனக்குச் சோறு போட்டாளே தவிர, குழம்பு ஊற்றவில்லை. நான் என்ன செய்ய முடியும்? ஒரு பெட்டி பிலிம் தீர்ந்தால் மறுபெட்டி வர ஒரு மாதம். எழுதிப் போட்டு, நினைவூட்டு எழுதி, அதற்கும் நினைவூட்டு எழுதி வாங்க வேண்டும். அசைந்தால் படம் கலங்கிப் போகும். கலங்கின படம் காக்காய் தூக்கிப் போவதற்குக்கூட லாயக்கில்லை.

அந்த அறை இப்போது இல்லை. இடித்துவிட்டு அந்த இடத்தில் சைக்கிள் ஸ்டாண்டு போட்டிருக்கிறார்கள். ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை எனக்கு. மகள் ஹமீதா பானு கும்பகோணத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிறாள். வெண்டைக்காய் நறுக்குகிற மாதிரி மனுஷன் கழுத்தைத் துண்டு துண்டாகப் படம் எடுத்துத் திரையில் காட்டுகிறாள். "வாப்பா, அந்தக் காலத்துல ஒத்தைப் படத்தை வெச்சுக்கிட்டு என்னத்தக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டாள். அப்போதுதான் வீரையன் கழுத்தை அவளுக்குச் சொன்னேன்.

ஆட்சி மாறி நாலு வருஷம் ஆகியிருந்த சமயம். டீக்கடைக்கு டீக்கடை கொடி மாறியிருந்தது, அறுப்புக் கூலி மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு தை மாதமும் எங்கள் தாலுகாவில் தகராறுதான். மிராசுதார்கள் கடற்கரைப் பக்கத்திலிருந்து வெளியாட்களை வண்டி வைத்துக் கூட்டி வருவார்கள். சங்கத்து ஆட்கள் வயலில் செங்கொடியை நட்டு மறிப்பார்கள். அப்புறம் போலீஸ் வரும். அதற்கப்புறம் எல்லாரும் என்னிடம் வருவார்கள், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு. அந்த மாதத்தில் மட்டும் முழங்கை எலும்பு எத்தனை படம் எடுத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

எங்கள் ஆஸ்பத்திரி ஓடு போட்ட தாலுகா ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே அறைக்குப் பின்னால் ஒட்டினாற்போல ஒரு இருட்டறை, அதில் சிவப்பு விளக்கு. மூன்று தொட்டிகள் வரிசையாக இருக்கும். முதல் தொட்டியின் மருந்தில் முக்கினால் படம் வெளிவரும், நடுத் தொட்டியில் அலச வேண்டும், கடைசியில் படத்தை நிலைக்க வைக்கிற ஹைப்போ. கோடையில் மருந்து கொதித்துப் போகும். நாகப்பட்டினத்திலிருந்து மீன் கூடையோடு வருகிறவர்களிடம் ஐஸ் கேட்டு வாங்கி, தொட்டியைச் சுற்றி அடுக்குவேன். சித்திரை வைகாசியில் எடுத்த படமெல்லாம் லேசாக வஞ்சிரம் வாசனை அடிக்கும் என்று டாக்டர் ரெங்கசாமி கேலி பண்ணுவார். அந்த மருந்து வாசனையும் மீன் வாசனையும் சேர்ந்து இன்றைக்கும் எப்போதாவது கனவில் வருகிறது. எழுந்து உட்கார்ந்து கையை முகர்ந்து பார்ப்பேன்.

அன்றைக்குத் தை பிறந்து பத்து நாள் இருக்கும். பனி இன்னும் விட்டபாடில்லை. காலை ஏழரை மணிக்கு நான் கதவைத் திறக்கும்போதே வேப்பமரத்தடியில் ஒரு கட்டை வண்டி நின்றது. சுற்றி முப்பது நாற்பது பேர், எல்லாரும் பக்கத்து ஊரான கருப்பூர்ச்சேத்தி ஆட்கள். கையில் அறுப்பரிவாளோடேயே வந்திருந்தார்கள். அவ்வளவு பேர் இருந்தும் சத்தமில்லை. அதுதான் எனக்கு முதலில் பயத்தைக் கொடுத்தது.

வண்டியில் உட்கார்ந்திருந்த ஆளை எனக்குத் தெரியும். எங்கள் தாலுகாவில் வீரையனைத் தெரியாதவர் யார்? ஊர்வலம் என்றால் முன்னால் கோஷம் போடுகிறவர் அவர்தான். ஆள் ஒல்லி, ஆனால் குரல் ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும். கடைத்தெருவில் அவர் "கூலி உயர்வு!" என்று எடுத்துக்கொடுத்தால், ஆஸ்பத்திரிக்குள் இருட்டறையில் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிற எனக்குக் கேட்கும். அவர் குரலுக்கு என்னையறியாமல் நானும் உள்ளே "வேண்டும்!" என்று முனகியிருக்கிறேன். சர்க்கார் உத்தியோகத்தில் இருந்துகொண்டு அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

அப்பேர்ப்பட்ட வீரையன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. காற்று மட்டும் வந்தது.

"பாய், இவரப் பாருங்க பாய்," என்று கையைப் பிடித்துக்கொண்டாள் அவர் மனைவி அம்சம். முப்பத்தைந்து வயசுப் பெண்பிள்ளை. வாடாமல்லிக் கலரில் ஒரு நூல் சேலை, முந்தானை ஓரம் முழுக்கக் கிழிந்திருந்தது. அறுப்புக்காலத்தில் யார் சேலைதான் கிழியாமல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். "மதகுக்கிட்ட வுழுந்து கெடந்தாரு. நீராகாரம் கொடுத்தேன், மூக்கு வழியா வந்துருச்சு. பேச்சே வல்லைங்க."

அவளுடைய அண்ணன் கோவிந்தராசு குறுக்கே வந்தான். முரட்டு ஆள், சங்கத்தில் செயலாளர். "நேத்து ராத்திரி இஞ்சதான் தாலுகா ஆபீசுல பேச்சுவார்த்த முடிஞ்சிதாம் பாய், இப்ப இஞ்ச வந்துதான் சேதி தெரிஞ்சிது. அரைப்படி நெல்லு கூட்டித் தர்றேன்னு மிராசுதார் கையெழுத்துப் போட்டுட்டாரு. மச்சான் சங்க ஆபீசுல படுத்திருந்துட்டு, விடியறதுக்கு முன்ன சேதி சொல்ல சைக்கிள்ல வந்திருக்காரு. வர்ற வழியில ஆளை வெச்சுக் கழுத்த நெரிச்சிருக்கானுவ. கையெழுத்துப் போட்ட மசி காயல, அதுக்குள்ள பாருங்க புத்திய!"

"நெரிச்சதப் பாத்தது யாரு?" என்றேன்.

"பாக்கணுமா? இந்தக் குரல அடைக்கணும்னு அவனைத் தவிர வேற எவனுக்குத் தோணும்?"

டாக்டர் ரெங்கசாமி வந்தார். கும்பகோணத்துக்காரர், படிப்பை முடித்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வெளிப்பார்வைக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. கழுத்தின் முன்பக்கம் குறுக்கே விரல் அகலத்துக்கு ஒரு சிவந்த தடம், இரண்டு மூன்று சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆள் உட்கார்ந்திருக்கிறார், நடக்கிறார், மூச்சு விடுகிறார். டாக்டர் நாடியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அம்சம் சொன்னாள்:

"அய்யா, கழுத்துல எண்ணெ தடவுனேன். உள்ள நொறநொறங்குதுங்க. பொரி மூட்டைய அமுக்குனா எப்படி இருக்கும், அப்படி இருக்கு."

டாக்டர் சட்டென்று அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இரண்டு விரலை வீரையன் கழுத்தில் வைத்து மெல்ல அழுத்தினார். அவர் முகம் மாறியது. "பாய், கழுத்துக்குப் பக்கவாட்டுல ஒரு படம். உடனே. படுக்க வைக்காதீங்க," என்றார்.

கழுத்தைப் பக்கவாட்டில் எடுப்பது லேசான வேலை இல்லை. தோள் உயர்ந்திருந்தால் அடிக்கழுத்தை மறைத்துவிடும். உழைக்கிற ஆட்களுக்குத் தோள் திரண்டு ஏறித்தான் இருக்கும். அதற்கு நான் ஒரு வழி வைத்திருந்தேன். இரண்டு சின்ன வாளியில் மணலை நிரப்பி, ஆளை ஸ்டூலில் உட்கார வைத்து, கைக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவேன். பாரத்தில் தோள் தானாக இறங்கும். கழுத்து முழுசாகத் தெரியும்.

வீரையனுக்கும் அப்படியே கொடுத்தேன். இடது கையில் வாளியை வாங்கிக்கொண்டார். வலது கையை நீட்டவே இல்லை. மூடின முஷ்டி மூடினபடியே இருந்தது.

"கையைத் திறங்க," என்றேன்.

தலையை ஆட்டினார்.

"ஏங்க, வாளியப் பிடிக்கத்தானே சொல்றேன்? உங்க கையில இருக்கற ரேகையவா பாக்கப் போறேன்? திறங்க!"

கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு உள்ளே போகும்போது கீச்சென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்திருந்தது. எனக்கோ கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. விரலைப் பிரித்துப் பார்த்தேன். அந்த ஒல்லி மனுஷனுக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. இரண்டு விரலுக்கு நடுவே ஏதோ கலர் நூல் பிசிர் எட்டிப் பார்த்தது. கோயில் கயிறோ மந்திரித்த கயிறோ, கிடக்கட்டும் என்று விட்டேன். வாளியின் பிடியை அவர் மணிக்கட்டில் துண்டால் கட்டித் தொங்கவிட்டேன்.

"அசையக்கூடாது. எச்சில் முழுங்கக்கூடாது. அசைஞ்சீங்க, நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

அசையவில்லை. பாவம், அவ்வளவு வலியிலும் கல்லாக உட்கார்ந்திருந்தார். படத்தை எடுத்துக்கொண்டு இருட்டறைக்குள் ஓடினேன்.

முதல் தொட்டியில் ஐந்து நிமிஷம் என்பது கணக்கு. நான் மூன்றாவது நிமிஷமே தூக்கிச் சிவப்பு விளக்கில் பார்த்துவிட்டேன். முதலில் பற்கள் வந்தன, பிறகு கழுத்தெலும்புகள். அதற்கு முன்னால் மூச்சுக்குழாய் கறுப்பாக, ஒரே சீராக, அகலமாக இறங்க வேண்டும். இறங்கவில்லை. குரல்வளை இருக்கிற இடத்தில் யாரோ இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்த மாதிரி ஒடுங்கிப் போயிருந்தது. அந்த இடத்துக் குருத்தெலும்பு முன்பக்கம் உடைந்து உள்வாங்கி நின்றது. தோலுக்கு அடியில், காற்றே இருக்கக்கூடாத இடத்தில், கறுப்புக் கறுப்பாகக் காற்றுக் கோடுகள். அம்சம் சொன்ன பொரி அதுதான். உடைந்த இடத்தின் வழியாக மூச்சு கசிந்து தோலுக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

யா அல்லா என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

ஹைப்போவில் ஒரு முக்கு முக்கி, சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு ஓடினேன். டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மருந்து அவர் சட்டைக் கையில் வழிந்தது. அவர் கவனிக்கவில்லை.

"உள்ள வீங்கிட்டே வருது பாய். கொஞ்ச நேரத்துல மொத்தமா அடைச்சுடும். தஞ்சாவூர் போற வரைக்கும் தாங்காது. கீழ துளை போட்டுக் குழாய் வெச்சு, அப்புறம்தான் அனுப்பணும்."

"நீங்க முன்னாடி செஞ்சிருக்கீங்களா?"

"பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்," என்றார். குரல் நடுங்கியது. ஆனால் அதற்குள் நர்ஸ் அருள்மேரியைக் கூப்பிட்டுக் கருவிகளைக் கொதிக்க வைக்கச் சொல்லிவிட்டார். அவர் பின்னாளில் எங்கெங்கோ போய்ப் பெரிய டாக்டராகிவிட்டார். எனக்கு அவர் என்றால் அந்த நடுங்கின குரலும் நடுங்காத கையும்தான் ஞாபகம்.

அம்சத்திடம் கைநாட்டு வாங்க நான்தான் போனேன். அவள் வராந்தாவில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

"தொண்டைக்குக் கீழ துளை போட்டு மூச்சு விட வழி பண்ணப் போறாங்கம்மா. உசிருக்கு வேற வழியில்ல."

"பேசுவாராங்க?"

"முதல்ல மூச்சு விடட்டும்."

"பேசுவாரா பாய்? சொல்லுங்க. அவருக்குன்னு என்னா இருக்கு? காணி இருக்கா, பூமி இருக்கா? அந்தக் குரலு ஒண்ணுதான். ஊர்வலத்துல அவரு குரலு கேட்டா, நான் கடைசியில நடந்து வந்தாலும் எனக்கு மொதல்ல நடக்கற மாதிரி இருக்கும்."

என்னிடம் இருந்த படத்தில் அதற்குப் பதில் இல்லை. கைநாட்டு வாங்கிக்கொண்டு போனேன்.

சின்ன ஆபரேஷன் அறைக்குள் அவரைக் கொண்டுபோனார்கள். வெளியே வேப்பமரத்தடியில் சத்தம் கிளம்பிவிட்டது. துளை போடுகிற சேதி பரவி, அதுவே கழுத்தை அறுக்கிற சேதியாகிப் போயிருந்தது. கோவிந்தராசு வண்டிப் பலகையில் ஏறி நின்றான்.

"ஒப்பந்தமாவது மண்ணாவது! களத்துல நெல்லு மலையாட்டம் குமிஞ்சு கெடக்கு. ஒரு தீக்குச்சி போதும். வர்றவன் வா!"

அந்தக் காலத்தில் ஒரு தீக்குச்சி என்ன செய்யும் என்று எங்கள் ஜில்லாவில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்கள் தலைத்துண்டை இறுக்கிக் கட்டினார்கள். எனக்கும் பயம்தான். ஆனால் என் கோபம் என்னை எப்போதும் பயத்துக்கு முன்னால் தள்ளிவிடும். ஈரப் படத்தை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனேன்.

"நில்லுங்கய்யா! யாரும் கழுத்த நெரிக்கல."

"பாய், உங்களுக்கு எங்க விவகாரம் தெரியாது. போய் வேலையப் பாருங்க," என்றான் கோவிந்தராசு.

"விவகாரம் தெரியாது, கழுத்து தெரியும்டா எனக்கு! இத பாரு. கையால நெரிச்சா ரெண்டு பக்கமும் விரல் தடம் இருக்கும், கயித்தால நெரிச்சா தடம் கழுத்தச் சுத்திப் பின்னால போகும். உங்க மச்சானுக்குப் பின்னாங்கழுத்துல ஒரு கீறல் இல்ல. அடி முன்னால மட்டும் விழுந்திருக்கு. நேர் குறுக்க, ஒரே மட்டமா. ஆளு வேகமா வந்து எதுலயோ மோதியிருக்காரு. நாகூர் கந்தூரியில கொட்டாய் கட்டுற கயித்துல சைக்கிள்ல வந்து மாட்டுன ஒருத்தருக்கு நான் இதே படம் எடுத்திருக்கேன். கயிறு ஏதாவது குறுக்க இருந்துச்சா அங்க?"

"மதகுக்கிட்ட கயிறு ஏது? நான்தான் மொதல்ல ஓடிப் பாத்தேன். ஒரு கயிறும் இல்ல."

"இருந்துச்சு," என்றாள் அம்சம்.

வராந்தாப் படியில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள்.

"நாந்தாண்ணே கட்டுனேன். மதகுப் பக்கத்தப் பொம்பளைங்க பாத்துக்குங்கன்னு நீதானே சொன்ன? வெளியாளு விடியக்கருக்கல்ல வண்டியில வர்றாங்கன்னு சேதி. பனையிலேருந்து மதகுத் தூணுக்குத் தாம்புக்கயித்த இழுத்துக் கட்டுனேன். பொழுது விடிஞ்சு இவரு வுழுந்து கெடக்கறாருன்னு ஓடுறேன், கயிறு அவுந்து வாய்க்கால்ல கெடக்கு. நீ இவரத் தூக்கயில நான் அதக் காலால சேத்துல மிதிச்சு அமுக்கிட்டேன். பாவி நான்! என் கையால கட்டி என் புருசன் கழுத்த ஒடிச்சிட்டேன்!"

வண்டியிலிருந்து கோவிந்தராசு இறங்கினான்.

"வண்டிய மறிக்கறதுன்னா முட்டி உசரத்துக்குத்தானே கட்டுவாங்க? கழுத்து உசரத்துக்கு எவளாவது கட்டுவாளா? ஏன்டி அப்படிக் கட்டுன?"

"முட்டிக்குக் கட்டுனா மாடு தடுக்கி வுழும்ணே," என்று அழுதாள். "பனியில மாடு பாக்காது. காலு ஒடிஞ்சா அடிமாட்டுக்குத்தான் ஓட்டுவாங்க. அந்த வாயில்லாச் சீவன் நம்மள என்னா செஞ்சிது? வண்டிக்காரன் கண்ணுல படட்டும், அவன் நிறுத்திக்கட்டும்னு என் தாடை உசரத்துக்கு ஏத்திக் கட்டுனேன். சேப்புத் துணி இல்ல. இந்தச் சேலை ஓரத்தக் கிழிச்சு அங்கங்க முடிஞ்சு வுட்டேன், கொடியாட்டம் தெரியட்டும்னு. பனியில அது தெரியலையே! இவரு சைக்கிள்ல வருவாருன்னு எனக்குத் தோணலையே!"

ஒரு கிழவர் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வண்டிமாடு ஒன்று மணியை ஆட்டியது. கோவிந்தராசு வேப்பமரத்து வேரில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். அன்றைக்குக் களத்துக்கு யாரும் போகவில்லை.

நான் மட்டும் அவள் கிழித்த முந்தானையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வாடாமல்லிக் கலர். அந்தக் கலர் பிசிரைக் கால்மணி நேரத்துக்கு முன்னால் எங்கே பார்த்தேன் என்று நினைப்பு வந்தது. வீரையனின் மூடின முஷ்டியில். மோதின வேகத்தில் கயிற்றைப் பிடித்திருக்கிறார். துணி கையோடு வந்திருக்கிறது. யார் சேலை என்று அவருக்குத் தெரியாதா? அது யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான் உயிர் போகிற நேரத்திலும் அந்தக் கையைத் திறக்கவில்லை.

சொல்லலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. புருஷன் மூடி வைத்ததைத் திறந்து காட்ட எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

உள்ளே குழாய் வைத்தாகிவிட்டது. டாக்டர் வெளியே வந்து படியில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்தார். பகல் பத்து மணிக்கு ஆஸ்பத்திரி வேனில் வீரையனைத் தஞ்சாவூருக்கு ஏற்றினார்கள். ஏறுவதற்கு முன் அம்சம் ஊர்க்காரர்களைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அவருகிட்ட மட்டும் யாரும் சொல்லிடாதீங்க. நானே சொல்லிக்கறேன்." கமருன்னிஸா எனக்குக் கொடுத்தனுப்பியிருந்த சோற்றுத்தூக்கை, மாசிக் கருவாட்டுச் சம்பாலோடு, வேனுக்குள் அவள் பக்கத்தில் வைத்தேன். தூக்கு திரும்பி வரவே இல்லை. அதற்கும் வீட்டில் எனக்குத் திட்டு விழுந்தது.

மறுநாளே அறுப்பு தொடங்கிவிட்டது. அரைப்படி கூடுதல் நெல்லோடு. ஆஸ்பத்திரிப் பின்வாசலில் நின்று பார்த்தால் கருப்பூர்ச்சேத்தி வயலில் தலைச்சுமையோடு பெண்கள் வரிசையாகக் கரையில் போவது தெரியும். எல்லாம் முடிந்து தாளடி மட்டும் நிற்கிற வெறும் வயலில் வாத்துக்காரர்கள் வாத்துக் கூட்டத்தை இறக்கிவிட்டார்கள். பங்குனி வெயில் ஆரம்பித்தது. கடைத்தெருவில் ஒரு ஊர்வலம் போனது. கோஷம் வேறு யாரோ போட்டார்கள். கதவைச் சாத்தினால் எனக்குக் கேட்கவில்லை.

பங்குனிக் கடைசியில் அவர்கள் இருவரும் வந்தார்கள். தஞ்சாவூரில் குரல்வளையைத் திறந்து, உடைந்ததைக் கம்பி போட்டுச் சேர்த்திருந்தார்களாம். குழாயை எடுக்கலாமா என்று தெரிய ஒரு படம் எடுத்துவரச் சொல்லிச் சீட்டு. வீரையன் இன்னும் இளைத்திருந்தார். கழுத்தடியில் வெள்ளிக் குழாய், அதன் மேல் ஈரத்துணி. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவரை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு மணல் வாளியை எடுக்க வெளியே வந்தேன். அம்சம் பின்னாலேயே வந்தாள்.

"இன்னும் சொல்லலைங்க பாய்."

"ரெண்டு மாசமாச்சேம்மா!"

"தெனம் சொல்லணும்னு பக்கத்துல உக்காருவேன். என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பாரு. வாய் வராது. இப்ப இவரு பேசிட்டா, மொதல்ல என்னா கேப்பாருன்னு நெனைச்சா ராத்திரி தூக்கமே வல்லைங்க. பேசணும்னு வேளாங்கண்ணி மாதா வரைக்கும் நேந்துக்கிட்டேன். பேசிட்டா என்னா செய்வேன்னும் பயமா இருக்கு." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதே சேலைதான். கிழிந்த ஓரத்தை மடித்துத் தைத்திருந்தாள்.

"உள்ள வந்து நில்லு. தள்ளி, அந்தக் கதவோரமா," என்றேன். பொதுவாக நான் யாரையும் உள்ளே விடுவதில்லை.

வாளிகளை நீட்டினேன். இடது கையில் ஒன்றை வாங்கிக்கொண்டார். வலது கைக்கு இந்தத் தடவை வேறு வேலை இருந்தது. "நான் சொன்னதும் அந்த விரலால குழாய் வாயை அடைச்சுக்கிட்டு 'ஈ'ன்னு இழுங்க. குரல்வளை மூடறது படத்துல தெரியணும். அசையக்கூடாது, தெரியுமில்ல?"

தலையசைத்தார். மெஷினுக்குப் பின்னால் போனேன். "ம், இப்ப," என்றேன்.

குழாயை அடைத்தார். முதலில் காற்று. பிறகு ஒரு கரகரப்பு. உமியில் கால் வைத்து நடக்கிற மாதிரி ஒரு சத்தம். "ஈ..." என்று மெல்ல எழுந்து நின்றது. ஆற்றுக்கு அக்கரையில் கேட்ட குரல் இல்லை, இந்த அறைக்கு மட்டும் போதுமான குரல். ஆனால் குரல்தான். நான் பொத்தானை அழுத்தினேன்.

அழுத்தின அதே நேரத்தில் வீரையன் தலையைத் திருப்பிக் கதவோரம் பார்த்தார். விரலைக் குழாயிலிருந்து எடுக்கவில்லை.

"அம்சம்," என்றார்.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"மாடு... தடுக்கிடும்னுதானே... உசரக் கட்டுன?"

அம்சம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வீரையன் வாளியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பு மடியிலிருந்து எதையோ எடுத்து நீட்டினார். சேறும் ரத்தமும் காய்ந்து கறுத்துப்போன துணித்துண்டு. ஓரத்தில் மட்டும் வாடாமல்லிக் கலர் இன்னும் மிச்சமிருந்தது. அவள் அதை வாங்கவில்லை. அவர் கையைத்தான் பிடித்துக்கொண்டாள், இரண்டு கையாலும், முகத்தோடு சேர்த்து.

நான் இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். எனக்கு அங்கே வேலை இருந்ததா இல்லையா என்பது வேறு விஷயம். படத்தைத் தொட்டியில் முக்கிச் சிவப்பு விளக்கில் பார்த்தேன். அசைந்துவிட்டார், முழுக்கக் கலங்கிப் போயிருந்தது. பெட்டியில் மூன்றே பிலிம்தான் பாக்கி.

வெளியே வந்து, இன்னொரு படம் எடுத்துக்கொள்ளலாம், அவசரமில்லை என்று சொன்னேன்.